வலது காதில் மாமனார்

இந்த விலைக்கு இதைவிட நல்ல பெட்டி கிடைக்காது. உங்கள் மேசை மேல் வைத்திருக்கிறீர்களே, அந்தக் கறுப்புப் பெட்டியைத்தான் சொல்கிறேன். சாப்பாட்டு டப்பாவில் பாதி உயரம். முன்னால் ஒரு திருகு, இரண்டு சுவிட்ச், ஹெட்போன் செருக ஓர் ஓட்டை. கம்ப்யூட்டர் வெறும் எண்களாக வைத்திருக்கும் ஒலியை இது நிஜ ஒலியாக மாற்றி, ஹெட்போனுக்கு வேண்டிய பலத்தைக் கொடுத்து அனுப்பும். அவ்வளவுதான் அதன் வேலை. உங்கள் ஆட்கள் வயரைப் பிடித்து இழுத்துக் கழற்றினார்கள். அப்படிச் செய்யக் கூடாது. திருகை முழுக்கக் குறைத்து, சுவிட்சை அணைத்து, அப்புறம்தான் கழற்ற வேண்டும். குற்றமாகச் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் நல்லது.

என் தொழில் கேட்டுத் தட்டச்சு செய்வது. காப்பீட்டுக் கம்பெனிகள் நடத்தும் விசாரணைகளின் பதிவு எனக்கு வரும். யார் என்ன பேசினார்களோ அதை அப்படியே எழுத்தாக்கி அனுப்புவேன். காலடியில் ஒரு பெடல் இருக்கும். மிதித்தால் பதிவு ஓடும், காலை எடுத்தால் நிற்கும். பத்தொன்பது வருடமாக வீட்டிலேயே உட்கார்ந்து இதைத்தான் செய்கிறேன். காதில் விழுந்ததை விடக் கூடாது, விழாததைச் சேர்க்கக் கூடாது. பேச்சல்லாத ஓசையை அடைப்புக்குறிக்குள் நேரத்தோடு போட வேண்டும்: [இருமல்], [நாற்காலி நகரும் ஓசை]. எத்தனை தடவை கேட்டாலும் பிடிபடாத இடத்தில் [தெளிவில்லை]. சோம்பேறிகள் அதைக் கண்ட இடத்தில் போட்டுவிட்டுப் போவார்கள். நான் வருடத்துக்கு நாலைந்து தடவை போட்டால் அதிகம்.

முன்பெல்லாம் ஹெட்போனைக் கம்ப்யூட்டரிலேயே செருகியிருப்பேன். காதுக்குள் சதா ஓர் இரைச்சல் ஓடும். மவுஸை நகர்த்தினால் அதுவும் சேர்ந்து கீச்சிடும். இந்தப் பெட்டி வந்த அன்று காலையில், எந்தப் பதிவையும் ஓடவிடாமல் ஹெட்போனை மட்டும் மாட்டிக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அத்தனை சுகமாக நான் எதையும் கேட்டதில்லை. மனைவி வந்து தோளைத் தொட்டு, "என்ன பாட்டு?" என்றாள். பாட்டில்லை என்றேன். லூசு என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனாள். அவள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். சிரித்த முகம்.

சுகம் ஒரு வாரம்தான். இரைச்சல் அதுவரை எனக்கு ஒரு போர்வையாக இருந்திருக்கிறது. அது போனதும் மனிதர்களின் வாய் வந்துவிட்டது. கிடங்கு ஒன்று தீப்பிடித்த வழக்கு. அதில் சாட்சி சொன்ன மேனேஜர் பேச வாயெடுக்கும்போதெல்லாம் உதடு பசையாகப் பிரியும். நாக்கு மேலண்ணத்தை விட்டு உரிந்து வரும். எச்சிலைக் கூட்டி விழுங்குவார், அது தொண்டையில் இறங்கும் வழி முழுக்கக் கேட்கும். பல்லிடுக்கில் மாட்டியதை நாக்கால் நெம்புவார். மேல்சட்டை இஸ்திரி கலையாத மனிதராகத்தான் இருந்திருப்பார். எனக்கோ அவர் வாய்க்குள் தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது மாதிரி இருந்தது. இரண்டு தடவை எழுந்து போய் வாந்தியெடுத்தேன்.

கழற்றிப் போட வேண்டியதுதானே என்பீர்கள். தெரிந்த பிறகு தெரியாத மாதிரி இருக்க முடியாது. அதோடு வேலையும் சுத்தமாக வந்தது. அனுப்புவதை அலுவலகத்தில் சரிபார்க்கும் அம்மா போன் செய்து, "தம்பி, உங்க ஃபைல்ல மட்டும் எனக்கு வேலையே இருக்கறதில்ல" என்றார். அந்த அம்மாவின் பாராட்டு லேசில் கிடைக்காது.

இனி மாமனாருக்கு வருகிறேன்.

பஸ் கண்டக்டராக இருந்தவர். குரல் கடைசி சீட்டு வரைக்கும் போகும். நல்ல மனுஷர். எனக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. டீயை மட்டும் உறிஞ்சி உறிஞ்சிக் குடிப்பார். கல்யாணமான புதிதில், அவர் குடிக்கும்போது நான் ஏதோ சாக்குச் சொல்லி எழுந்து போவதைக் கவனித்துவிட்டார். கோபித்துக்கொள்ளவில்லை. "எங்க மாப்ளைக்கு எறும்பு நடந்தாலும் காதுல விழும். நான் உள்ள போய்க் குடிச்சுக்கறேன்" என்று டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் நின்றுகொண்டே அங்கேதான் குடிப்பார். இதை நான் மறைக்கவில்லை. அவரைப் பற்றிக் கெடுதலாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

பக்கவாதம் வந்து படுத்தபின் எங்களோடு கொண்டுவந்து வைத்துக்கொண்டோம். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. நாக்கு புரளாது. ஒரு சொல் வராது. இடது கை மட்டும் ஆடும். அந்தக் கையில் ஒரு ஸ்டீல் மோதிரம். அதைக் கட்டில் கம்பியில் தட்டி அவரே ஒரு பாஷை உண்டாக்கிக்கொண்டார். விசில் ஊதியே காலம் தள்ளிய ஆளல்லவா. ஒரு தட்டு என்றால் தண்ணீர். இரண்டு என்றால் துணி மாற்ற வேண்டும். மூன்று என்றால் சளி அடைக்கிறது, உடனே வா.

மூன்றுக்குத்தான் பாடு. அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாய்க்குள் குழாயை விட்டு, மிஷினைப் போட்டு உறிஞ்ச வேண்டும். நர்ஸ் ஒரு நாள் முழுக்க இருந்து கற்றுக்கொடுத்தார். இரண்டு நிமிட வேலை. குழாய் தொண்டையைத் தொட்டதும் அவர் கண் என்னைத்தான் பார்க்கும். மஞ்சளும் பச்சையுமாக நூல் இழுத்துக்கொண்டு குப்பிக்குள் இறங்கும். குப்பியைக் கழுவுவதும் நான்தான். பகலெல்லாம் மனைவி கடையில் இருப்பாளே. பதினான்கு மாதம் செய்தேன், முகம் சுளித்ததில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஹெட்போன் போட்டால் தட்டுவது எனக்குக் கேட்காது என்பது பிரச்சினை. வழி சொன்னதும் நான்தான். அவர் அறையில் ஒரு மைக் வைத்து, வயரைச் சுவரோரமாக இழுத்து, என் கம்ப்யூட்டரில் சேர்த்தேன். இடது காதில் வேலை, வலது காதில் மாமனார். அவர் மோதிரத்தால் கம்பியைத் தொட்டாலே பெட்டி அதைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிடும். மனைவிக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. தினமும் செருப்பை மாட்டிக்கொண்டே, "உங்க காத நம்பித்தான் போறேன்" என்பாள்.

நம்பியது வீண் இல்லை. எல்லாம் கேட்டது. பாலில் ஊறிய ரொட்டி ஈறுகளுக்கு நடுவில் கூழாவது கேட்டது. கடைவாயில் ஒழுகிய எச்சில் தலையணையில் சொட்டுவது கேட்டது. நெஞ்சுக்குள் சளி ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு ஊர்ந்து போகும், திரும்பி வரும். எட்டு மணி நேரம் வலது காதில் அது கொழகொழவென்று இருக்கும். சாப்பாட்டில் கை வைத்தால் அந்த ஓசைதான் ஞாபகம் வரும். இளைத்துப்போனேன். அருவருப்பு என்று சொல்லுகிறோமே, அது மூக்கிலும் கண்ணிலும் இருப்பதாக எல்லாரும் நினைக்கிறார்கள்.

நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும். ஆமாம், ஜன்னலோரம் இருந்த மைக்கைத் தலையணைப் பக்கம் நகர்த்தியது நான்தான். "அப்பா மேல என்ன அக்கறை பாருங்க" என்று மனைவி அவள் அக்காவிடம் போனில் பெருமையாகச் சொன்னாள். தட்டுவது இன்னும் நன்றாகக் கேட்கட்டும் என்றுதான் நகர்த்தினேன் என்று அப்போது எனக்கே நான் சொல்லிக்கொண்டேன். தட்டுவது ஜன்னலிலிருந்தே நன்றாகக் கேட்டது.

மூன்று தட்டுக் கேட்டதும் முதலில் ஓடுவேன். பிறகு தட்டிக்கொண்டிருந்த வரியை முடித்துவிட்டுப் போனேன். பிறகு பக்கத்தை முடித்துவிட்டு. அவர் எவ்வளவு நேரம் தாங்குவார் என்பது காதுக்குப் பழகிவிட்டது. நெஞ்சு கீச்சிட ஆரம்பித்து, கீச்சு விசிலாகி, விசில் அறுபடும் இடம் ஒன்று உண்டு. அதற்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடுவேன். ஒரு தடவைகூடத் தவறவில்லை. போனதும் என் கையைப் பிடித்துக்கொள்வார். கை பிசுபிசுவென்றிருக்கும். உருவிக்கொண்டு போய்ச் சோப்புப் போட்டுக் கழுவுவேன், தோல் வெடிக்கும் அளவுக்கு.

அன்றைக்குக் காலை பத்து மணிக்கு ஒரு தடவை உறிஞ்சிவிட்டு வந்திருந்தேன். கிடங்கு மேனேஜரின் மூன்றாம் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. பதினொன்று நாற்பத்தொன்றுக்கு மூன்று தட்டு. பெடலிலிருந்து காலை எடுத்தேன். எழுந்திருக்கத்தான் எடுத்தேன். மேனேஜர் நின்றுபோனதும் இடது காது சுத்தமாகிவிட்டது. வலது காதில் மாமனார் மட்டும். இரண்டையும் நான் அதுவரை அப்படித் தனியாகப் பிரித்துக் கேட்டதில்லை. இன்னும் பதினெட்டு அடி நடந்தால் இது வாசனையோடும் நிறத்தோடும் இருக்கும், என் விரலில் ஒட்டும், இங்கே ஓசை மட்டும்தான் என்று தோன்றியது. பெட்டியில் இரண்டாவது சுவிட்ச் ஒலியின் பலத்தைக் கூட்டுவது. அதை மேலே தள்ளினேன். திருகைக் கொஞ்சம் திருப்பினேன். உட்கார்ந்தேன்.

பதினோரு நிமிடம். திருகு என் கையில்தான் இருந்தது.

மனைவி ஒரு மணிக்குச் சாப்பிட வந்தாள். அறையிலிருந்து கத்தினாள். அப்புறம் என் முன்னால் வந்து நின்று, "உங்களுக்குக் கேக்கவே இல்லையா?" என்றாள். "ஹெட்போன் போட்டிருந்தேன்மா" என்றேன். அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. மைக் வயர் எப்படியோ கழன்றிருக்கும் என்று அவளாகவே முடிவுகட்டிக்கொண்டாள். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் எனக்காகப் பேசினாள். "பாவம், அவர் என்ன பண்ணுவார், பெத்த புள்ள மாதிரி பார்த்தார்" என்றாள். டாக்டரும் வயசைச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டார்.

நான் பிடிபட்டது கையால். பத்தொன்பது வருடப் பழக்கம், காதில் விழுந்தால் விரல் தட்டும். அன்றைக்கு அந்தப் பதினோரு நிமிடமும் என் விரல்கள் வேலை பார்த்திருக்கின்றன. திறந்திருந்தது மேனேஜரின் ஃபைல். பிற்பகல் மிச்சத்தையும் முடித்து, சொன்ன நேரத்துக்கு அனுப்பிவிட்டேன். மறுநாள் சரிபார்க்கும் அம்மா கூப்பிட்டார். "தம்பி, தீ விபத்து விசாரணைல கட்டில் எங்கிருந்து வந்துச்சு?" என்றார். அவர் மவுஸை உருட்டுவது கேட்டது. "இந்த இடத்துல பதிவோட நேரம் இல்லியே, கடிகார நேரத்தப் போட்டிருக்கீங்களே" என்றார். மாமனார் இறந்த செய்தி அலுவலகத்துக்குப் போயிருந்தது. கெட்டிக்கார அம்மா. சாட்சி "கதவு பூட்டித்தான் இருந்தது" என்று சொன்னதற்கும் "யார் பூட்டியது?" என்ற கேள்விக்கும் நடுவில் இருந்ததை அவர் எனக்கே படித்துக் காட்டினார்.

[11.41 – கட்டில் கம்பியில் தட்டும் ஓசை, மூன்று]
[11.42 – தட்டும் ஓசை, மூன்று]
[11.44 – தட்டும் ஓசை, தொடர்ந்து, எண்ண முடியவில்லை]
[11.47 – மூச்சு, ஈரமாக]
[11.50 – தட்டும் ஓசை, ஒன்று]
[11.52 – தெளிவில்லை]
[11.52 – அமைதி]

படிக்கும்போது அந்த அம்மா அழுதார். மூக்கை உறிஞ்சுவது நன்றாகக் கேட்டது. போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

ஏன் அழிக்கவில்லை என்று கேட்டீர்கள். கேட்டதைத் தட்டினேன், தட்டியதை அழிப்பது எங்கள் வழக்கமில்லை. ஏன் போகவில்லை என்றும் கேட்டீர்கள். எனக்கு அவர் மேல் கோபமில்லை, வெறுப்பில்லை. அசிங்கம் தாங்காத சுபாவம், அவ்வளவுதான். கையால் நான் அவரைத் தொடக்கூட இல்லை. அவர் தலையணைப் பக்கத்தில் இருந்த மைக்கைப் பிறகு ஸ்பிரிட் போட்டுத் துடைத்து வைத்தேன். மனைவி இப்போது அவள் அக்கா வீட்டில் இருக்கிறாள், என்னோடு பேச மாட்டேன் என்கிறாள். நாளாக ஆகச் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன்.

ஒரு திருத்தம் மட்டும் பாக்கி. என் ஃபைலில் பிழை இருந்தது என்று யாரும் பிறகு சொல்லக் கூடாது. பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு நேரே [தெளிவில்லை] என்று இருக்கிறதல்லவா, அதை அடித்துவிடுங்கள். அந்தப் பெட்டியில் தெளிவில்லாமல் எதுவும் கேட்காது. பதினான்கு மாதமாக ஒரு சொல் வராத நாக்கு புரண்டு வந்தது. "மாப்ளே" என்றார். கத்தவில்லை. பக்கத்து அறையில் நான் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தவர் கூப்பிடுகிற மாதிரி, மெதுவாகத்தான் கூப்பிட்டார். அது எனக்கு முதல் தடவையே புரிந்தது.

புரிந்ததைப் புரியவில்லை என்று போட்டுவிட்டேன். பத்தொன்பது வருடத்தில் நான் செய்த ஒரே தப்பு அதுதான்.