ஏழு பாக ஆழத்தில் மாற்றம் இல்லை

படிவங்களை நான் ஒழுங்காக நிரப்புகிறவன். உங்கள் தொல்லியல் அலுவலகத்திலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். மூன்று வருடமாக, மாதம் ஒருமுறை, முல்லைத்தீவுக் கரையிலிருந்து படகில் போய், ஏழு பாக ஆழத்தில், நாற்பதடிக்குக் கீழே கிடக்கும் பழைய பாய்க்கப்பலைப் படமெடுத்து அனுப்புகிறேன். சம்பளம் இல்லை. ஏன் செய்கிறேன் என்று கேட்க வந்திருக்கிறீர்கள். பெயர் போடமாட்டோம், உண்மையைச் சொன்னால் போதும் என்றீர்கள். சொல்கிறேன், பிள்ளை.

எங்கள் பக்கத்தில் சண்டைக்காலத்தில் எல்லாமே இடம்பெயர்ந்தது. என் வீட்டுக் கதவைப் பிறகு துணுக்காயில் வேறொருவர் வீட்டில் கண்டேன், கேட்கவில்லை. அந்தக் கப்பல் மட்டும் கிடந்த இடத்திலேயே கிடந்தது. முதன்முதலில் அதைக் கண்ட அன்று வயிறு நிறையச் சாப்பிட்டதுபோல் இருந்தது. எதையும் தொடாதே, எதையும் அசைக்காதே என்ற உங்கள் விதி எனக்கு மிகவும் பிடித்துக்கொண்டது.

மதுசன் என்னோடு இறங்குகிற தொண்டன். நல்ல பொடியன், வாய்தான் ஓயாது. போன ஆவணியில் படகில் வைத்துக் கேட்டான்.

"ஒரு பீங்கான் எடுத்தால் கப்பல் குறைஞ்சு போகுமே அண்ணை? மகளுக்குக் காட்டத்தான்."

இருவரும் இறங்கினோம். கீழே போய்க் கப்பலின் பக்கப் பலகைக்கு அடியில் கையை விட்டான். பலகை இறங்கி முழங்கைவரை பிடித்துக்கொண்டது.

அவனிடம் இருபது நிமிடக் காற்று இருந்தது. படகில் இரும்பு அலவாங்கு இருந்தது. மேலே வந்து அதைக் கையில் எடுத்தேன். நெம்பினால் அவன் வந்திருப்பான். கப்பலின் அந்தப் பக்கம் முழுவதும் சரிந்திருக்கும். அலவாங்கைத் திரும்ப வைத்தேன். அரைமணி கழித்து இறங்கி, அளவுகோல் வைத்து, அவன் தெரியாதபடி படமெடுத்தேன்.

ஊர் மூன்று நாள் தேடியது. நான் வடக்கே கை காட்டியிருந்தேன். அவன் மனைவி கிருசாந்தி கரையைவிட்டுப் போகவில்லை.

"அண்ணை, அவர் இறங்கின இடத்திலைதானே தேடினவை?"

"ஓம் தங்கச்சி."

உடல் கிடைக்காததால் அவள் இறந்தவருக்கான எட்டுச்செலவுச் சடங்கு செய்யவில்லை. இன்னும் பொட்டு வைக்கிறாள். பார்க்கக் கவலையாகத்தான் இருக்கிறது. சனிக்கிழமைகளில் மீன் கொடுத்தனுப்புகிறேன்.

போன மாதப் படிவத்திலும் 'மாற்றம் இல்லை' என்றே எழுதினேன். வருகிற மாதம் உங்கள் ஆட்கள் சரிபார்க்க இறங்கும்போது அவனைக் காண்பார்கள். அவனை அசைக்கவேண்டாம் என்று சொல்லிவையுங்கள், பலகை சரிந்துவிடும்.

ஏன் தொண்டு செய்கிறீர்கள் என்ற கேள்விக்கு நேரே இதை எழுதிக்கொள்ளுங்கள்: இந்தக் கரையில் இனி ஒன்றும் காணாமல் போகக்கூடாது.