ஆவுடை தண்ணி ஊத்துன சுவரு

கேளுங்க மக்கா, காது மந்தமா இருக்கவங்க முன்னால வந்து ஒக்காருங்க. இந்த மருதங்கிணத்துக்கு ரோடும் வெளக்கும் வராத காலம் அது. அப்ப இங்க ஆவுடைன்னு ஒருத்தி இருந்தாளாம். எங்க பூட்டிக்குப் பூட்டி. வேலை, மட்டையால சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கது.

ஊரையே வெள்ளையாக்குவா. ஆனா யாரும் பாக்காத மூலையில கரிக்கட்டையால ஒரு ஆட்டையோ மாட்டையோ வரஞ்சு வச்சு, ரசிச்சிட்டு, ஒடனே அது மேலயும் சுண்ணாம்ப இழுத்து விட்டுருவாளாம். அப்படி ஒரு பயம்.

அப்பதான் அம்மன் கோயிலுக்குப் புது மண்டபம் கட்டுனாவ. மண்டபம் பூராவும் படம் வரையணும். ஊர்ப் பெரியவரு மந்திரமூர்த்தி தண்டோரா போட்டாரு: "வரையத் தெரிஞ்சவங்க யாரும் வரலாம்! தேரடி மதில்ல ஆளுக்கு நாலு முழம் சுவரு. மூணு நாளு ஓலைத்தட்டி மறைவுல வரையணும். நாலாம் நாளு, வெள்ளிக்கெழம, அவங்கவங்க படத்துக்குக் கீழ அவங்கவங்க நிக்கணும்!"

ஆவுடைக்குக் காலு தரையில நிக்கல. புருசன் கூடப் பொறந்த சுப்பிகிட்ட, "நானும் போவட்டா மதினி?"ன்னு கேட்டா.

"ஏட்டி போ, சுண்ணாம்பு மட்டையில சாமி வரையப் போறா!"ன்னு சுப்பி சிரிச்சா. ஆனா தட்டி கட்டக் கயிறு எடுத்துக் குடுத்ததும் அவதானாம்.

மூணு நாளும் வரஞ்சா. என்ன வரஞ்சா? கொளம் வத்தும்போது ஊரே எறங்கி மீன் பிடிக்கும்லா, அத வரஞ்சா. கரியால ஆளு, காவியால மீனு. நடுவுல யாரு? அம்மன்! சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு, முழங்கால் சேத்துல, அம்மனும் மீன் அள்ளுதா! வரைய வரைய ஆவுடைக்கே சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சாம்.

வெள்ளிக்கெழம காலையில என்ன செஞ்சா தெரியுமா? பக்கத்துத் தட்டிக்குள்ள எட்டிப் பாத்தா. வெளியூர்க்காரன் ஒருத்தன் யானை வரஞ்சிருக்கான். ரோமம் ரோமமா, அணில் முடித் தூரிகையில! ஆவுடை தன் சுவத்துக்குத் திரும்பி வந்து பாத்தா. "இவன் எங்க, நான் எங்க? போதாக்கொறைக்கு அம்மனச் சேத்துல எறக்கிட்டேனே, ஊரு என்னத்தச் சொல்லும்?" மட்டையச் சுண்ணாம்புல முக்குனா. சளார் சளார்னு அவசரமா ஒரே ஒரு பூச்சு இழுத்தா. காஞ்சதும் சுவரு வெள்ளை வெளேர்னு நிக்கி.

பெரியவரு வந்தாரு. தட்டியெல்லாம் பிரிச்சாவ. யானையப் பாத்து ஊரே வாயப் பொளந்துச்சு. அடுத்தது ஆவுடை சுவரு.

"என்னம்மா, சுவரு சும்மா கெடக்கு?"

ஆவுடை சுண்ணாம்பு மட்டைய முதுகுக்குப் பின்னால ஒளிச்சா.

கூட்டத்துலருந்து சுப்பி கத்துனா: "ஏட்டி, மூணு நாளாச் சோறுதண்ணி இல்லாம என்னத்தட்டி செஞ்ச?"

யானைக்காரன் சிரிச்சான். "சுண்ணாம்பு அடிக்கவளுக்குச் சுண்ணாம்புதான வரும்!"

"சரி, இதத் தள்ளிருங்க"ன்னு பெரியவரு அடுத்த சுவத்துக்கு நடந்துட்டாரு.

நடந்துட்டாரு மக்கா! அந்த முதுகப் பாத்ததும் ஆவுடைக்கு உச்சந்தலையில சுர்ருன்னு ஏறுச்சாம். "சாவுற வரைக்கும் என் படத்த நானே மூடிக்கிட்டுக் கெடக்கவா?" சுண்ணாம்பு கரைக்க வச்சிருந்த தண்ணிப் பானையத் தூக்குனா. "பெரியவரே, நில்லுங்க!"ன்னு ஒரு சத்தம் போட்டா. ஊத்துனா பாருங்க, சுவத்து தலையிலருந்து!

ஒத்தக் கைச் சுண்ணாம்பு, அதான் ஒரே பூச்சு அடிச்சது, காஞ்சாத்தான் வெள்ளை. நனைஞ்சா உள்ள இருக்கது தெரியும். அடிக்கவளுக்கு அது தெரியாதா? மொதல்ல மீனு தெரிஞ்சுது. பொறவு காலு தெரிஞ்சுது. பொறவு சனம் தெரிஞ்சுது. பொறவு, சேத்துல நின்னு சிரிக்க அம்மன்! பொம்பளையளெல்லாம் குலவை போட்டுட்டாவளாம்.

பெரியவரு திரும்பி வந்தாரு. "யாரு வரஞ்சது?"

"நாந்தான்."

"யாரு அழிச்சது?"

"அதுவும் நாந்தான்."

"ஏம்மா, அம்மன் மீன் பிடிப்பாளா?"

"நம்ம ஊரு அம்மன்தான? நாம கொளத்துல எறங்கையில அவ கரையிலயா நிப்பா?"

பெரியவருக்குச் சிரிப்பு தாங்கல. வெத்தலபாக்க அவ கையில குடுத்துட்டாரு. மண்டபம் பூராவும் அவதான் வரஞ்சா. யானைக்காரன் தன் தூரிகையில ஒண்ண அவளுக்குக் குடுத்துட்டுப் போனானாம். அவனும் நல்ல மனுசன்தான்.

அதுலருந்துதான் வருசா வருசம் நம்ம பொம்பளையளெல்லாம் அந்த நாலு முழத்தச் சொரண்டி, அதே மீனை வரஞ்சு, மேல ஒத்தக் கை அடிக்காவ. வேலைக்கு மனுப் போடப் போறவ, மேடை ஏறப் போறவ, யாரா இருந்தாலும் அங்க ஒரு பானை தண்ணி ஊத்தி, மீனு தெரிஞ்சதும் "நாந்தான்!"னு கத்திட்டுத்தான் ஊர விட்டுக் கெளம்பணும். மெதுவாச் சொன்னா செல்லாது. கொளத்துக்கு அக்கரையில மாடு மேய்க்கவன் திரும்பிப் பாக்கணும்.