எழுபது நிமிசத் தூரம்

— மெய்யா சொல்றீங்க? யாழ்ப்பாணம் நம்மட புத்தளத்துக்கு வடக்கால. நீங்க விடியப்புறம் பஸ் ஏறி தெற்கால ரத்மலானை ஏர்போட்டுக்குப் போய், அங்கருந்து பிளேன்ல திரும்பி வடக்கால போறதா?

— ஓம், முஃபீதா. பஸ்ஸில நாலு மணித்தியாலம், பிளேனில எழுபது நிமிசம்.

— தலையச் சுத்தி மூக்கத் தொடுற கதை!

— டிக்கட் அனுப்பினது ஹாசிம் நானா. கூடப்பிறந்த மூத்தவர், வேணாமெண்டா கோவிப்பார். ரெண்டு நாள்தானே.

— அப்ப நம்மட தில்லையடிக்கு மேலாலதான் பறக்கும். எத்தனை மணிக்கு?

— பதினொண்டுக்கு வெளிக்கிட்டா, பதினொண்டரை போல.

— சிவப்புப் புடவைய கொடியில போடுறேன். எட்டிப் பாருங்க.

— நீர் என்ன சின்னப் பிள்ளையா?

— முப்பத்தஞ்சு வருசம் புத்தளத்துத் தண்ணி குடிச்சும் அந்த யாழ்ப்பாணத்து ‘நீர்’ மட்டும் மாறல்ல!

— சிரியும், சிரியும்.

— றஸ்மிட வாப்பா, ஒண்டு கேக்கவா? எழுபது நிமிசப் பயணத்துக்கும் தொழுகை சுருங்குமா?

— சுருங்கும். நேரத்தை இல்ல, தூரத்தைத்தான் பாக்கிறது. இது முன்னூறு கிலோமீட்டருக்கு மேல. பிரயாணிக்கு நாலு ரக்அத் ரெண்டு.

— அப்ப நானாட வீட்டுல மத்தியான லுஹர் எத்தனை ரக்அத் தொழுவீங்க? சொந்த ஊருல நிக்கிறவர் பிரயாணி இல்லையே, நாலும் தொழணுமே.

— அதுக்கு முந்தி ஒண்டு கேளும். தொண்ணூறில இயக்கம் எங்களை, யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை, ஊரை விட்டு வெளிக்கிடச் சொன்ன நேரம் எனக்குப் பதினாலு வயசு. இஞ்ச அகதி முகாமில என்ர வாப்பா ரெண்டு ரெண்டாத்தான் தொழுதார். இண்டைக்குத் திரும்பிப் போவம், நாளைக்குப் போவம் எண்டு. அப்பிடிக் காத்திருக்கிறவனுக்குப் பதினெட்டு நாள்தான் சலுகை. பத்தொன்பதாம் நாள் நாலு தொழுதார். ஸலாம் குடுத்து முடிச்சிட்டு அழுதார்.

— அல்லாவே!

— இப்ப நானா சொல்றார், பழைய வீட்டு வளவில பாதி உனக்கு, வந்து இரு எண்டு.

— போவீங்களா? எனக்குப் பயமா இருக்கு. உள்ளதைச் சொல்றேன். இந்த மண்ண விட்டா எனக்கு ஒண்டும் தெரியாது.

— எனக்கே தெரியேல்ல, முஃபீதா. அங்க போய் தொழுகைக்குத் தக்பீர் கட்டினாத்தான் தெரியும்.

*

— ஹலோ! கேக்குதா? போய்ச் சேந்தீங்களா?

— மத்தியானமே வந்திட்டன். நானாட வீட்டிலதான் நிக்கிறன்.

— புடவை தெரிஞ்சிச்சா?

— எல்லாம் முகில். ஆனா பதினொண்டரைக்குக் கை காட்டினன். பக்கத்தில இருந்த மனிசன் சிரிச்சவர்.

— நானும் காட்டினேன். சத்தம் மட்டும்தான் கேட்டிச்சு. வளவு பாத்தீங்களா?

— பாத்தன். கிணறு அப்பிடியே இருக்கு. அதில தண்ணி அள்ளித்தான் முகம் கை கால் கழுவி வுழூச் செய்தன்.

— லுஹர்…?

— தனியத் தொழுதன். நானா பின்னால நிண்டு பாத்துக்கொண்டிருந்தார். ஸலாம் குடுத்தவுடன கேட்டார், “என்னடா தம்பி, ரெண்டோட முடிச்சிட்டாய், எண்ணிக்கை மறந்திட்டியா?” எண்டு.

— நீங்க என்ன சொன்னீங்க?

— “மறக்கல்ல, நானா. என்ர வீட்டுக் கொடியில ஒரு சிவப்புப் புடவை கிடக்கு” எண்டன்.