முன்வாசலைத் தேன்சிட்டுக்குக் கொடுத்தவர்

மேடையில் இருக்கும் பாதிரியார் அவர்களே, மேயர் அம்மா அவர்களே, ஊர்க் கவுன்சில் உறுப்பினர்களே, துபாயிலிருந்து நேற்று வந்து சேர்ந்த நம் கப்பித்தானின் மகன் ருஸ்திகோ, அவனைப் பெற்ற, நம் எல்லாருக்கும் அக்காவான நாங் சென்சியோங், அந்த வீட்டுக்குள் ஒரு தடவையாவது அடுப்படி வழியாக நுழைந்திருக்கும் லாவிகான் மக்களே! உங்கள் எல்லாருக்கும் தச்சன் தெயோவின் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் தாளில் எழுதிக்கொண்டு வந்தார்கள். எனக்கு எழுத்து தெரியாது. எல்லாம் தலைக்குள்தான் இருக்கிறது. இன்று அது கனக்கிறது.

இப்படிப்பட்ட இரங்கல் கூட்டத்தில் சவப்பெட்டி நம் எதிரே இருக்க வேண்டும். இல்லை! மூன்று முறை நம் ஊருக்குத் தலைவராக இருந்த கப்பித்தான் திபுர்சியோ லுமாகாங், நம் எல்லாருக்கும் அண்ணனான நோங் புர்சோ, எதிரே தெரிகிற அந்த வீட்டுக்குள்ளேயே படுத்திருக்கிறார். நாம் இந்தக் கூடைப்பந்துத் திடலில் அவருடைய படத்தைப் பார்த்து அழுதுகொண்டிருக்கிறோம். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். முன்கதவில் மாட்டியிருக்கும் குருத்தோலையில் தேன்சிட்டு கூடு கட்டியிருக்கிறது. அவர் கண்மூடிய அன்று அதில் இரண்டு முட்டை இருந்தது. இன்று இரண்டு குஞ்சு. பிறந்து ஐந்து நாள். பறக்க இன்னும் பத்து நாள் ஆகும். அடக்கமோ நாளைக் காலை. மகனுக்காகப் பதினோரு நாள் காத்தாகிவிட்டது. இனித் தள்ள முடியாது.

கூட்டைக் கொஞ்சம் நகர்த்தி வைக்கக் கூடாதா என்று நேற்றிலிருந்து எத்தனை பேர் என்னிடம் கேட்டுவிட்டீர்கள்! கூடாது. அதை இந்த ஊரில் என்னைவிட நன்றாக அறிந்தவன் யார்?

பதினேழு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கதவின் கீல் துருப்பிடித்துப் போயிற்று. சரி செய்யப் போனேன். ஓலையில் குப்பை மாதிரி ஏதோ தொங்கியது. காய்ந்த புல், சிலந்தி நூல், சருகு. உள்ளே இரண்டு சின்ன அலகு தெரிந்தது. ஓலையோடு கழற்றி, மூன்று முழம் தள்ளியிருந்த கொய்யாக் கிளையில் பத்திரமாகத்தான் மாட்டிவிட்டு, கதவைக் கழற்றினேன். தாய்க்குருவி இரை கவ்விக்கொண்டு வந்தது. கதவு இருந்த இடத்துக்கு வந்தது. அந்தரத்திலேயே இறக்கையை அடித்துக்கொண்டு நின்றது. போனது. மறுபடியும் வந்தது. கொய்யா மரத்தை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாயங்காலம் குஞ்சு இரண்டும் செத்துப்போயின.

நோங் புர்சோ என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. படியில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "மூணு முழம்தானேன்னு நீ நெனச்சே. அதுக்கு அது வேற ஊருடா, தெயோ."

அடுத்த வருஷம் கதவில் புது ஓலை மாட்டிவிட்டு, குருவி வருமா வருமா என்று அவர் காத்திருந்த காத்திருப்பு இருக்கிறதே! வந்தது. மஞ்சள் வயிறும் கருநீலக் கழுத்துமாக ஆண், பக்கத்தில் பெண். அன்றைக்கே உள்ளே போய்க் கதவைப் பூட்டிச் சாவியை அரிசிப் பானைக்குள் போட்டார். "குஞ்சு பறக்கிற வரைக்கும் எல்லாரும் அடுப்படி வழியா வாங்க" என்று ஊருக்கே சொல்லி அனுப்பினார். அன்று தொடங்கியது அந்த வீட்டுச் சட்டம்.

அதிலிருந்து இந்தப் பதினாறு வருஷத்தில், இப்போது இருப்பதைச் சேர்க்காமல், இருபத்துமூன்று கூடு. எல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. புயலில் போனது மூன்று. பாம்பு தின்றது ஒன்று. மற்றவை பறந்தன. அவை பறந்த ஒவ்வொரு நாளும், வழக்குத் தீர்ந்த மனிதரைப் போல அந்த மூங்கில் நாற்காலியில் சாய்ந்து படுத்திருப்பார் நம் கப்பித்தான்!

ருஸ்திகோ ஒரு தொலைநோக்கி வாங்கி அனுப்பினான். இரண்டு நாள் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டுப் பெட்டிக்குள் வைத்தார். "ஏன் நோங், நல்லா தெரியலையா?" என்றேன். "குருவி நல்லாத்தான் தெரியுது. அது எதைப் பாத்துப் பயப்படுதுங்கறது தெரியமாட்டேங்குது" என்றார். இப்படிப் பார்க்கத் தெரிந்த மனிதர் கையில்தான் இந்த ஊர் ஒன்பது வருஷம் இருந்தது!

மாகாணத்திலிருந்து ஓர் அதிகாரி குடிநீர்க் குழாய்க்குக் கையெழுத்துப் போட வந்தாரே, மறந்துவிட்டீர்களா? வெள்ளைச் சட்டை, பளபளக்கும் காலணி. முன்படியில் நின்றுகொண்டு அசையவில்லை.

"என்னய்யா இது, நான் அடுப்படி வழியா வரணுமா?"

"ஐயா கோவிச்சுக்கக் கூடாது. முன்னால ஒரு குடும்பம் இருக்கு. உங்களுக்கு முன்னாடியே வந்தவங்க" என்றார் நோங் புர்சோ.

"குருவியா? நான் யாருன்னு தெரியுமா?"

"எனக்குத் தெரியும் ஐயா. அதுக்குத்தான் தெரியாது."

உள்ளேயிருந்து நாங் சென்சியோங் கத்தினார்: "கருவாடு கருகுது! வர்றவங்க வாங்க, வராதவங்க புகைக்கு வழி விடுங்க!" அதிகாரி வந்தார். இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். கையெழுத்துப் போட்டார். நாம் தண்ணீர் குடிக்கிறோம்.

ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. அந்தச் சட்டம் வருவதற்கு முன்னால், முன்வாசல் வழியாக வந்தவரை நாற்காலியில் உட்காரவைத்துப் பேசி அனுப்பினார்கள். அடுப்படி வழியாக வந்தவர் முகத்தை நாங் சென்சியோங் பார்த்தார். யார் சாப்பிடவில்லை என்று பார்த்தார். கடலுக்குப் போகமுடியாத மாதத்தில் வலைக்காரர் வீட்டு லூமிங் ஒரு சான்றிதழுக்காக வந்தபோது, தாளைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் கஞ்சியைக் கையில் கொடுத்தார். அதோ, மூன்றாம் வரிசையில் லூமிங் அழுதுகொண்டிருக்கிறாள். பொய்யா சொல்கிறேன்? கூடு இல்லாத மாதங்களில்கூட நாம் முன்வாசலை மறந்து அடுப்படிக்கே போகத் தொடங்கினோமே, குருவிக்காகவா போனோம்?

சரி. இன்று காலையில் நடந்ததைச் சொல்கிறேன். மறைத்துப் பேச எனக்கு வராது.

பெட்டி காலியாக வந்தபோது அதை நிமிர்த்தி நிறுத்தி, அடுப்பு மூலையில் திருப்பி உள்ளே கொண்டுபோனோம். நிறைந்த பெட்டியை அப்படித் திருப்ப முடியுமா? நோங் புர்சோவை நிற்கவைத்தா கொண்டுபோவது? ஜன்னல்களோ சின்னவை. அளந்து பார்த்தேன். மூன்று தடவை அளந்தேன்.

ருஸ்திகோவுக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, ஒரு கூடும்மா! அப்பாவுக்காக ஒரே ஒரு கூட்ட எடுக்கக் கூடாதா?"

"அப்பாவுக்காகத்தான் எடுக்கக் கூடாதுங்கறேன்" என்றார் நாங் சென்சியோங்.

நான் சொன்னேன்: "நாங், கிழக்குச் சுவரைப் பிரிச்சுடலாம். மூங்கில் தட்டிதானே, நான் பின்னினதுதானே. அரை மணி நேர வேலை."

அவர் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

"செவுத்தப் பிரிச்சு எதுக்குடா கொண்டுபோவாங்க? எனக்குத் தெரியாதா? பொணம் போனதும் ஓட்டைய அடைச்சுடுவாங்க. போனவருக்குத் திரும்பி வர வழி தெரியக் கூடாதுன்னு அடைப்பாங்க. நாப்பது நாள் அவரு வீட்டச் சுத்தி வருவாரே, தெயோ. வந்து செவுத்தத் தடவிக்கிட்டு நிக்கணுமா? முன்கதவு பூட்டி, இந்தப் பக்கமும் அடைச்சு? அம்பத்தஞ்சு வருஷம் என்கூட இருந்த மனுஷனை நானே வெளிய போட்டுப் பூட்டணுமா?"

இல்லாத கதவின் முன்னால் இறக்கையடித்து நின்ற அந்தத் தாய்க்குருவியை அந்த நேரத்தில் நான் பார்த்தேன். பதினேழு வருஷம் கழித்துப் பார்த்தேன். பதில் சொல்லாமல் வெளியே வந்துவிட்டேன். நாங் சென்சியோங், மன்னிக்க வேண்டும். பதிலை இங்கே, இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன்.

பெரியவர்களே! சுவரைப் பிரித்தால் மூட வேண்டும், இல்லாவிட்டால் இன்னொரு சாவு வரும் என்று திடலுக்கு வரும் வழியில் இரண்டு பேர் என் சட்டையைப் பிடித்துச் சொன்னீர்கள். வரட்டும்! எனக்கு எழுபத்தெட்டு வயது. வருகிற சாவு என்னிடம் வரட்டும். இரண்டு குஞ்சுகளுக்கு நான் பட்ட கடனோடு, அந்த மனிதரையும் வழி தெரியாமல் அலையவிட்ட கடனை என்னால் சுமக்க முடியாது.

நம் கப்பித்தான் திபுர்சியோ லுமாகாங் நாளைக் காலை ஏழு மணிக்குக் கிழக்குப் பக்கமாகப் புறப்படுவார். ஆறு பேர் தோளில், நேராக, சாயாமல் போவார். முன்வாசல் பக்கம் யாரும் போக வேண்டாம். கொட்டு வேண்டாம். வாத்தியக்காரர்கள் தெருமுனையில் நின்றால் போதும். குஞ்சுகளுக்கு இரை வரும் நேரம் அது.

நாம் என்ன செய்யப்போகிறோம்? அவர் விட்ட வேலையை யார் செய்வது? குருத்தோலை ஞாயிறு வந்தால் அந்தக் கதவில் புது ஓலையை நான் மாட்டுவேன். எனக்குப் பிறகு யார் என்று இன்றே எனக்குச் சொல்லுங்கள். கவண் வைத்திருக்கும் வீடுகளே, நீங்களும் சொல்லுங்கள்!

ருஸ்திகோ, நீ கல்லறையிலிருந்து அம்மாவை அழைத்து வரும்போது நான் அந்தச் சுவரில் வேலையாக இருப்பேன். அடைக்கிறேன் என்று நினைத்துவிடாதே. என் வீட்டில் என் பெட்டிக்கென்று எடுத்து வைத்திருந்த நல்ல கெட்டி நாரா மரம் நாலு துண்டு இருக்கிறது. அதில் நிலை வைக்கிறேன். படி வைக்கிறேன். ஒரு கதவும் வைக்கிறேன்.

தாழ்ப்பாள் மட்டும் வைக்கமாட்டேன், நாங் சென்சியோங்.