ஆறு எண்ணும் வரை

அவைக்குத் தலைமையேற்று, என் பேச்சு நீண்டுவிடுமோ என்று இப்போதே கடிகாரத்தைப் பார்க்கும் எங்கள் தலைமையாசிரியை அம்மையார் அவர்களே! ஓராண்டாகப் பயிற்சி தந்து எங்களைப் பண்படுத்திய பயிற்றுநர் தங்கையே! முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! பெற்ற பிள்ளையை எங்கள் கையில் ஒப்படைத்துவிட்டுப் பேருந்துக்கு ஓடும் தாய்மார்களே! சனிக்கிழமைத் தூக்கத்தைத் தியாகம் செய்து வந்திருக்கும் என் ஆசிரியத் தோழமைகளே! உங்கள் அனைவருக்கும் நெஞ்சு நிறைந்த வணக்கம்.

இருபத்திரண்டு ஆண்டுகளாக மழலையர் வகுப்பில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். எனக்கு எக்ஸ்பிரஸ் டீச்சர் என்று ஒரு பெயர் உண்டு. யாரங்கே சிரிப்பது? பெயர் வைத்ததே நீங்கள்தானே! முப்பது பட அட்டைகளை ஐந்தே நிமிடத்தில் முடித்துவிடுவேன். அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

சென்ற ஆண்டு என் வகுப்புக்கு ஒரு சிறுமி வந்தாள். நாலரை வயது. வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்தவள். நான்கு மாதம் நான் கேட்டேன். நான்கு மாதம் அவள் பேசவில்லை. காலையில் கேட்டேன், பேசவில்லை. கொஞ்சிக் கேட்டேன், பேசவில்லை. அவளுடைய தாயை அழைத்தேன். தையல் கூடத்தில் சட்டைப் பொத்தான்களுக்குக் காஜா எடுப்பவர். ஒரு மணி நேரம் அனுமதி கேட்டு ஓடிவந்தார்.

"வீட்டுல ஒரு நிமிஷம் வாய் ஓயாது டீச்சர். பூனைக்கே இங்கிலீஷ் சொல்லித் தர்றா!"

"எல்லா அம்மாவும் இப்படித்தாம்மா சொல்றாங்க" என்றேன் நான்.

அந்த வெள்ளிக்கிழமையே ஒரு தாளில் எழுதினேன்: 'பேச்சு வளர்ச்சி போதாது. இந்த வகுப்பில் வைத்துக்கொள்ள இயலாது. தனிப் பிரிவுக்கு மாற்றவும்.' கையெழுத்தும் போட்டுத் தலைமையாசிரியையிடம் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை மதியம் அந்தத் தாள் மேலிடத்துக்குப் போக வேண்டும்.

மறுநாள் பயிற்சி. முணுமுணுத்துக்கொண்டே போனேன். "நான் வேலைக்குச் சேர்ந்தப்போ இந்தப் பொண்ணு பால் புட்டியோட இருந்திருக்கும். இது எனக்குச் சொல்லித் தரப் போகுதாக்கும்!" தங்கை கோபித்துக்கொள்ளக் கூடாது, உண்மையைத்தான் சொல்கிறேன். அந்த வாரம் என் வகுப்பு அலமாரியில் கைப்பேசியை நிறுத்திப் பத்து நிமிடம் படம் பிடித்திருந்தார். அதை எனக்குப் போட்டுக் காட்டினார். குறை சொல்லவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"அக்கா, நீங்க கேள்வி கேட்டு முடிச்சதும் மனசுக்குள்ள எண்ணுங்க. அடுத்த ஆள்கிட்ட எப்போ போறீங்கன்னு பாருங்க."

எண்ணினேன். ஒன்று... அவ்வளவுதான்! இரண்டைத் தொடவில்லை நான். அதற்குள் அடுத்த பிள்ளைக்குத் தாவிவிட்டேன். அதுகூடப் பரவாயில்லை, பெரியோர்களே! என் முதுகுக்குப் பின்னால் அந்தச் சிறுமியின் வாய் திறக்கிறது. நான் திரும்பியதும் மூடிக்கொள்கிறது. பத்து நிமிடத்தில் நான்கு முறை! கேள்வி ஆங்கிலத்தில் போகிறது. அவள் அதைத் தமிழில் நினைக்க வேண்டும், சொல்லைத் தேட வேண்டும், நாக்குக்குக் கொண்டுவர வேண்டும். பேசத் தெரியாதவள் அவளா? காத்திருக்கத் தெரியாதவள் நானா?

திங்கட்கிழமை காலை. குடைப் படத்தை அவள்முன் நீட்டினேன். "வாட் இஸ் திஸ்?" கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். ஒன்று. இரண்டு. மூன்று. மற்ற பிள்ளைகள் கத்தினார்கள். உதட்டில் விரல் வைத்தேன். நான்கு. ஐந்து. எனக்கு வியர்த்தது. ஆறு...

"அம்ப்ரெல்லா. எங்க வீட்டு அம்ப்ரெல்லா ஓட்டை டீச்சர். தண்ணி கம்மிங்!"

கை தட்டுங்கள், தாராளமாகத் தட்டுங்கள்! ஆனால் எனக்கல்ல, அவளுக்கு!

அலுவலக அறைக்கு ஓடினேன். தாளைத் திருப்பிக் கேட்டேன். தலைமையாசிரியை அம்மையார் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"குடுத்த தாளை நீங்க திரும்ப வாங்கினதே இல்லையே டீச்சர்?"

"இன்னைக்கு வாங்கறேன் மேடம். தப்பு என்னோடது."

இதோ அந்தத் தாள். கிழிக்கவில்லை நான், என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்ததை இன்று எடுத்து வந்திருக்கிறேன். மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கும் அந்தத் தாயிடம் இந்த மேடையிலிருந்து மன்னிப்புக் கேட்கிறேன். அம்மா, நீங்கள் சொன்னதுதான் சரி.

பயிற்சி எதற்கு என்று கேட்கிறார்களே, ஆண்டு முழுதும் எதற்கு என்று கேட்கிறார்களே! பிள்ளையைத் திருத்தவா? இல்லை! பெற்றோரைத் திருத்தவா? இல்லை! நம் முதுகுக்குப் பின்னால் நடப்பதை நமக்குக் காட்ட! அதற்காக எத்தனை சனிக்கிழமைகள் வேண்டுமானாலும் தருவேன்.

இப்போது உங்களை ஒன்று கேட்கிறேன். உங்கள் வகுப்பில் இன்னும் வாய் திறக்காத பிள்ளை யார்? அவசரமில்லை. நான் காத்திருக்கிறேன்.

...

அதோ, கடைசி வரிசையில் ஒரு கை! எழுந்து சொல்லுங்கள் தோழி. "ஜன்னல் ஓரத்துல ஒருத்தன் இருக்கான்" என்கிறீர்களா? நல்லது. தோழி, நீங்கள் கை தூக்க எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா? ஒன்பது எண்ணினேன்! பட்டம் பெற்ற உங்களுக்கே, தாய்மொழியில் கேட்ட கேள்விக்கே ஒன்பது. திங்கட்கிழமை அவனுக்கு ஆறு எண்ணும் நேரமாவது கொடுங்கள்.

பொறுமையாகக் காத்திருந்து கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. வணக்கம்!