நீறுபூத்த நெருப்பும் ஒரு தகப்பனும்

அவைக்கு நடுநாயகமாய் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே! நோயை வென்று நிமிர்ந்தும், நோயோடு நடந்து நிதானம் கற்றும் முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! மனத்துக்குள் மலையளவு கவலையை வைத்துக்கொண்டு, முகத்தில் மட்டும் மலர்ச்சியை வைத்திருக்கும் தாய்மார்களே! ஊசியைக் கையில் எடுத்தாலும் உள்ளத்தில் ஈரம் குறையாத செவிலியரே! உங்கள் அனைவருக்கும் இந்த ரத்தநோய் மருத்துவரின் பணிவான வணக்கம்.

பின்வரிசையில் கைகள் உயர்கின்றன. கேட்கவில்லையா? இதோ, மைக்கை இழுத்துக்கொண்டேன். இப்போது? நல்லது. டாக்டர் எழுதினால்தான் புரியாது என்பார்கள். பேசினாலும் புரியவில்லை என்ற பழி எனக்கு வேண்டாம்!

ரத்தப் புற்றுநோயின் தொடக்க நிலையில், அது வளருமா வளராதா என்று முன்கூட்டிக் கணிக்க முடியுமா? இதுதான் எனக்குத் தரப்பட்ட தலைப்பு. "படம் போட்டுப் பாடம் நடத்திடாதீங்கம்மா" என்று தலைவர் காதோடு கேட்டுக்கொண்டார். நடத்தமாட்டேன். ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கிறேன். "தாராளமா சொல்லுங்க டாக்டர்" என்று அந்தக் குடும்பமே அனுமதி கொடுத்த கதை.

அவர் லிஃப்ட் மெக்கானிக். வானளாவிய கட்டடங்களின் வயிற்றுக்குள் இறங்கி, கம்பி வடங்களுக்கு நடுவே வேலை பார்ப்பவர். அவர் மனைவி பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருப்பவர். கல்யாணமாகிப் பல வருடம், குழந்தை இல்லை. கடைசியில் காப்பகத்திலிருந்து ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுக்க முடிவு செய்தார்கள். ஐந்து வயதுச் சிறுமி. அவளுக்காகச் சின்ன அறைக்கு வெள்ளையடித்தாயிற்று, கட்டில் வந்தாயிற்று. மிச்சமிருந்தது ஒரு மருத்துவச் சான்று.

அந்தச் சான்றுக்காக எடுத்த ரத்தத்தில்தான், இருக்கக் கூடாத ஒரு புரதம் எட்டிப் பார்த்தது.

என்னிடம் வந்தார்கள். எலும்பு மஜ்ஜையில் ஊசி போட்டு எடுத்துப் பார்த்தோம். மஜ்ஜையில் ஒருவகை வெள்ளணு, கூப்பிடாத விருந்தாளியைப் போலக் கூட்டமாய்க் குடியேறியிருந்தது. எலும்பில் சேதமில்லை, சிறுநீரகத்தில் குறையில்லை, உடம்பில் நோவில்லை. நீறுபூத்த நெருப்பு என்பார்களே, அதுதான் இது. சாம்பலுக்கு அடியில் கனல் இருக்கிறது. ஆனால் அது எரியுமா? இல்லை, அப்படியே கிடக்குமா?

அவரும் அதையே கேட்டார்.

"வருமா, வராதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க டாக்டர்."

ஒரே வார்த்தையில் சொல்ல நான் ஜோசியக்காரியா? கணக்கைச் சொன்னேன். புரதத்தின் அளவு, மஜ்ஜையில் அந்த அணுக்களின் பங்கு, இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் அவர் நடுத்தர வகை. அவரைப் போன்ற நூறு பேரில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஐந்து வருடத்துக்குள் நோய் முற்றலாம். மற்றவர்களுக்கு அதற்குள் முற்றாது. வருடங்கள் போகப் போக ஆபத்தும் குறையும்.

பக்கத்தில் இருந்த மனைவி சொன்னார்: "நீங்க நூறு பேரைப் பத்திச் சொல்றீங்க டாக்டர். எனக்கு இவர் ஒருத்தர்தானே இருக்கார்?"

அவையோரே, நான் ரிப்போர்ட்டை மூடி வைத்தேன்.

கணவர் எழுந்துவிட்டார். "அந்தப் புள்ளை வேணாம்னு சொல்லிடலாம்."

"என்னங்க பேசுறீங்க?"

"அப்பா அம்மா இல்லாம ஒரு தடவை நின்ன புள்ளைடி. இன்னொரு தடவையும் நிக்க வைக்கணுமா? நல்லாத் தெரிஞ்சே அதைச் செய்யணுமா?"

யாரைக் குறை சொல்வீர்கள்? வேண்டும் என்ற தாயையா? வேண்டாம் என்ற தகப்பனையா? இரண்டும் பாசம்தானே! ஒன்று கை நீட்டும் பாசம். ஒன்று கையை இழுத்துக்கொள்ளும் பாசம்.

நான் சொன்னேன்: "இன்னைக்கே முடிவு பண்ணாதீங்க. ஒரு தடவை எடுத்த ரத்தம் போட்டோ மாதிரி. ஆள் நிக்கிறாரா, ஓடுறாரான்னு போட்டோவில தெரியாது. சில மாசம் விட்டு விட்டுப் பார்ப்போம். அளவு ஏறுதா, அப்படியே இருக்கான்னு தெரிஞ்சா, உங்களைப் பத்தி இன்னும் கொஞ்சம் நல்லாச் சொல்ல முடியும்."

காத்திருந்தார்கள். காத்திருப்பதைப் போலக் கடினமான வைத்தியம் உண்டா? இங்கே பலர் தலையாட்டுகிறீர்கள்; உங்களுக்குத் தெரியாததா! அந்த மாதங்களிலும் வாரம் தவறாமல் காப்பகத்துக்குப் போனார்கள். "எப்போ என்னைக் கூட்டிட்டுப் போவீங்க?" என்று அந்தச் சிறுமி கேட்கும்போதெல்லாம், அவர் வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவாராம்.

அடுத்த பரிசோதனையில் அளவு ஏறவில்லை. அதற்கடுத்ததிலும் ஏறவில்லை. "இது நல்ல அறிகுறி. உத்தரவாதம் மட்டும் கேக்காதீங்க" என்றேன்.

கணவரும் ஒப்புக்கொண்டார். காப்பகத்துக்குப் போய், ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்கள். மனைவியின் தம்பியும் கூடப் போயிருந்தார், பஸ் ஓட்டுபவர். காப்பகத்து அம்மையார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "இவருக்கு முடியாமப் போனா, பொண்ணுக்கு யார் இருக்கா?"

"அவ அம்மா, எங்க அக்கா இருக்கா. அக்காவுக்குப் பின்னாடி நான் இருக்கேன்" என்றார் தம்பி. "அக்காவுக்கு மகள்னா எனக்கு மருமக. இதை வேற தனியா எழுதிக் கேப்பீங்களா?"

"கேப்போம்" என்றார் அம்மையார். சிரிப்பு வருகிறதல்லவா? அவர்களும் சிரித்தார்களாம். தம்பி கையெழுத்துப் போட்டார். அந்தச் சிறுமி வீட்டுக்கு வந்தாள்.

வந்தபின் அந்த வீடு வீடாயிற்று. கடையில் வாடிக்கையாளர் நாற்காலியில் அவள் சுற்றினாள். மாமா ஓட்டும் பஸ்ஸில் அவருக்குப் பின்சீட்டைப் பட்டா போட்டுக்கொண்டாள். தகப்பனார், நான் சொன்ன தேதியில் தவறாமல் ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார்.

நான்காம் வருடம், அளவு ஏறியது. மறுபடி பார்த்தோம். மறுபடியும் ஏற்றம். ஸ்கேனில், ஓர் எலும்பில் மட்டும் சின்னதாய் ஒரு பள்ளம்.

"எனக்கு எங்கயும் வலிக்கலையே டாக்டர்! நேத்துகூட வேலைக்குப் போனேனே!"

"வலிக்கிறதுக்கு முன்னாடி பிடிக்கத்தானே இத்தனை வருஷமா உங்க ரத்தத்தை உறிஞ்சினோம்!"

எலும்பு ஒடிந்தபின் வருவோரை நான் பார்த்திருக்கிறேன். சிறுநீரகம் ஓய்ந்தபின் வருவோரைப் பார்த்திருக்கிறேன். இவரோ நடந்து வந்தார். நடந்தே சிகிச்சைக்குள் நுழைந்தார்.

மருந்து ஏறிக்கொண்டிருந்த ஒரு நாள், மகள் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கேட்டாள்:

"டாக்டர் ஆன்ட்டி, இது வரும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"வரலாம்னு தெரியும்மா."

"அப்பாவுக்கு?"

"அவருக்கும் தெரியும்."

அவள் தகப்பன் பக்கம் திரும்பினாள். "தெரிஞ்சுதான் என்னைக் கூட்டிட்டு வந்தியாப்பா?"

அவர் முகத்தில் அப்படியொரு பயத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. மெதுவாகச் சொன்னார்: "தெரிஞ்சுதான்டா கண்ணு."

நாற்காலியை அவர் படுக்கையை ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அப்போ சரி" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து கணக்கைப் போடத் தொடங்கினாள்.

கைதட்டுகிறீர்கள், அவளிடம் சொல்கிறேன்.

அவர் இன்று எப்படி இருக்கிறார்? நோய் அடங்கியிருக்கிறது. ஒழிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். உங்களிடம் பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது? வேலைக்குப் போகிறார். இந்தக் கூட்டத்துக்கும் அழைத்தேன். "பொண்ணுக்கு நீச்சல் வகுப்பு இருக்கே டாக்டர்" என்று கழன்றுகொண்டார்.

அன்பர்களே! எங்கள் கணிப்பு நாளுக்கு நாள் கூர்மையாகிறது. யாருக்கு விரைவில் முற்றும், யாருக்கு முற்றாது என்று நேற்றைவிட இன்று நன்றாகத் தெரிகிறது. இன்றைவிட நாளை நன்றாகத் தெரியும். ஆனால் எந்தக் கணக்கும் உங்களுக்காக வாழ்ந்து தராது. நாங்கள் காவல் இருக்கிறோம். நீங்கள் கட்டிலை வாங்குங்கள், சுவருக்கு வெள்ளையடியுங்கள், காத்திருக்கும் பிள்ளையைக் கூட்டி வாருங்கள். பரிசோதனைத் தேதியை மட்டும் தவறவிடாதீர்கள்!

பொறுமையாய்க் கேட்ட செவிகளுக்கும், மேடை தந்த நல்லோர்க்கும், மணியடிக்காமல் விட்ட தலைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. எல்லோரும் நலமோடு வாழ்க! வணக்கம்.