பாடுங்கோ என்று கத்தியவன்

ஓடுகிறோம். காலில் செருப்பில்லை. எங்கள் சரவணை ஊர் வீதி. பின்னேர வெயில் நேராகக் கண்ணில் குத்துகிறது. பக்கத்தில் என் புருசன் யோகன். கையில் ஒரே ஒரு துணிப்பை.

எங்கள் ஊர்ச் சனம் முன்னுக்கு. மண்டைதீவுச் சனம் பின்னுக்கு. அவர்கள் காலையிலிருந்து நடக்கிறார்கள். சைக்கிள்களில் பாய், பானை, பிள்ளைகள். ஒரு மனிசி ஆட்டை இழுத்துக்கொண்டு வருகிறாள். ஆடு வர மறுக்கிறது. அவளும் விடமாட்டேன் என்கிறாள்.

குறிகட்டுவானுக்குப் போனால் படகு கிடைக்கும் என்று ஒரு கதை. நயினாதீவுக்கு ஷெல் வராது என்று இன்னொரு கதை. கதையை நம்பித்தான் ஓடுகிறோம்.

ஆவணி மாதம். சமாதானம் முறிந்த வருசம்.

கிழக்கே ஷெல் ஏவுகிற, குத்துகிற சத்தம். டும். டும். எந்தப் பக்கத்து ஷெல் என்று என்னைக் கேட்காதீர்கள். இரண்டு பக்கமும் அடித்தது. விழுந்தது எங்கள் மேல். குத்துகிற சத்தத்துக்கும் ஷெல் விழுவதற்கும் நடுவே கொஞ்ச நேரம் இருக்கும். ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. அதற்குள் நிலத்தில் கிடக்க வேண்டும். நிற்பவனைச் சிதறல் அறுத்துக்கொண்டு போகும்.

சந்தியில் பொலிஸ் சென்றி, காவலரண். மண்மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"பாடுங்கோ! பாடுங்கோ!"

நாங்கள் வெள்ளவாய்க்காலில் விழுந்தோம். சரவணைச் சனம் முழுக்க விழுந்தது. மண்டைதீவுச் சனம் நின்றது. காக்கி போட்ட ஒருவன் பாடச் சொன்னால் வேறு என்ன செய்வார்கள்? விறைத்துப்போய் நின்றார்கள்.

அந்தக் குரல் நிமலின் குரல். கொன்ஸ்டபிள். தெற்கே நெல் விதைக்கிற குடும்பத்துப் பெடியன். சமாதான காலத்தில் எங்கள் சந்திக்கு வந்தவன். சென்றிக்குக் கிட்டத்தான் எங்கள் வீடு. தண்ணீர் கேட்டு வருவான். எனக்குச் சிங்களம் தெரியும் என்று கண்டுபிடித்ததும் அடிக்கடி வந்தான்.

எனக்கு ஏன் சிங்களம் தெரியும்? அப்பாவுக்குத் தெற்கே ஒரு பட்டினத்தில் கடை இருந்தது. நான் அங்கேதான் வளர்ந்தேன். அந்தக் கடையை எரித்தார்கள். காக்கிக்காரர் வீதியின் மற்றப் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். ஒருவர் சிகரெட் பற்றவைத்தார். அது என் கண்ணை விட்டுப் போனதில்லை. காக்கியைக் கண்டால் எனக்கு வயிறு எரியும். இன்றைக்கும் எரியும். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

நிமலுக்குத் தண்ணீர் கொடுத்தேன். முகம் கொடுக்கவில்லை. அவனுக்கு வெட்கம் இல்லை. தமிழ்ச் சொல் கேட்பான். நில்லுங்கோ. இறங்குங்கோ. சண்டை திரும்பத் தொடங்கியதும் மூன்றாவது சொல் கேட்டான். ஷெல் வந்தால் ஆட்களைக் கீழே கிடக்கச் சொல்ல வேண்டும், என்ன சொல் என்றான்.

"படுங்கோ" என்றேன்.

"பாடுங்கோ" என்றான்.

திருத்தினேன். திரும்பவும் பாடுங்கோ. எத்தனை தரம் திருத்தியும் நாக்கு அங்கேதான் போனது. காரணம் எனக்குத் தெரியும். சிங்களத்தில் 'பாடு' என்றால் நட்டம். கடை வைத்திருந்தவரின் மகளுக்கு அந்தச் சொல்லைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மழை பெய்து யாவாரம் படுத்தால் அப்பா அதைத்தான் சொல்லுவார். நிமலின் வாயில் ஊறிப்போன சொல் அது. புதுச்சொல் வர வர, பழஞ்சொல் முந்திக்கொண்டது.

யோகனுக்கு அது பெரிய பகிடி. "என்ன பாட்டு வேணும் ஐயா? தேவாரமோ, சினிமாப் பாட்டோ?" என்பார். நிமல் விழுந்து விழுந்து சிரிப்பான். பகிடி ஊர் முழுக்கப் பரவியது. அவன் பாடச் சொன்னால் படுக்க வேண்டும் என்று சரவணையில் எல்லாருக்கும் தெரியும். மண்டைதீவுக்கு அது தெரியாது.

முதல் ஷெல் பனங்கூடலுக்குள் விழுந்தது. நிலம் ஒருதரம் தூக்கிப் போட்டது. வீதியில் நின்ற கிழவர் ஒருவர் முழங்காலில் இருந்தார். பிறகு சரிந்தார். மற்றவர்கள் இன்னும் நிற்கிறார்கள். சிலர் கத்துகிறார்கள். ஆட்டுக்காரி கயிற்றை விடவில்லை.

நிமல் மண்மூட்டையைத் தாண்டிக் குதிக்கிறான். வீதிக்கு வருகிறான். "பாடுங்கோ! பாடுங்கோ!" ஆட்டுக்காரியின் பிடரியில் கை வைத்து நிலத்தில் அமத்துகிறான். யாரோ கத்துகிறார்கள். "ஐயோ, அடிக்கிறான்! ஓடுங்கோ!" சனம் சிதறுகிறது. படுக்க வேண்டிய சனம் ஓடுகிறது.

திரும்பவும் குத்துகிற சத்தம்.

நான் வாய்க்காலுக்குள் கிடந்து கத்துகிறேன். "படுக்கச் சொல்லுறான்! படுங்கோ!" என் குரல் எனக்கே கேட்கவில்லை. யோகன் எழும்புகிறார். அவருடைய இடுப்புச் சாரத்தைப் பிடித்தேன். இரண்டு கையாலும் பிடித்தேன்.

"விடும்!"

அது என்னோடு அவர் கதைத்த கடைசிச் சொல்.

வீதியில் இப்போது இரண்டு பேர். ஒருவன் "பாடுங்கோ!" என்கிறான். மற்றவர் "படுங்கோ!" என்கிறார். ஒருவன் கையால் அமத்துகிறான். மற்றவர் காலைத் தட்டி விழுத்துகிறார். தமிழ்க் குரல் கேட்டதும் சனத்துக்கு விளங்கியது. விழுந்தார்கள். வரிசையாக, ஒருவர் மேல் ஒருவராக விழுந்தார்கள். கடைசியில் நின்றது அந்த இரண்டு பேரும்தான். அவர்களைப் படு என்று சொல்ல ஆள் இல்லை.

ஷெல் வீதியில் விழுந்தது.

சத்தம் ஞாபகம் இல்லை. காதுக்குள் ஒரு கூவல் மட்டும். புழுதி. பிறகு ஆடு கத்தியது. அதுதான் எனக்கு முதலில் கேட்டது. யோகன் மதகடியில் கிடந்தார். சாரத்தின் ஒரு கிழிசல் என் கையில் இருந்தது. நிமல் ஆட்டுக்காரிக்கு மேல் கிடந்தான். அவள் அவனைத் தள்ளிவிட்டு எழும்பினாள். அவளுக்கு ஒரு கீறல் இல்லை.

நிமலை அவர்களுடைய வண்டி வந்து கொண்டுபோனது. யோகனைக் கொண்டுபோக வண்டி வரவில்லை. சைக்கிளில் வைத்துத் தள்ளினோம்.

நிமலின் பெயர் தெற்கே ஒரு கல்லில் இருக்கிறதாம். கடமையில் உயிர் நீத்தவர் என்று. ஒவ்வொரு வருசமும் மரியாதை அணிவகுப்பு நடக்கிறதாம். எனக்கு அதில் ஒரு வழக்கு உண்டு. சென்றியைக் காப்பதுதான் அவனுக்கு இட்ட கடமை. மண்மூட்டைக்குப் பின்னால் இருந்திருந்தால் கடமையும் முடிந்திருக்கும், ஆளும் இருந்திருப்பான். அதை விட்டு வீதிக்கு வந்தான். அதற்கு என்ன பெயர் என்று அந்தக் கல்லில் எழுதவில்லை.

எங்கள் ஊரில் அவன் பெயரே இல்லை. ஆவணியில் மதகடியில் இரண்டு விளக்கு வைப்பேன். "பொலிசுக்கும் விளக்கோ அக்கா?" என்று கேட்டார்கள். "ஓம்" என்றேன். என் வயிற்றெரிச்சல் ஆறிவிட்டது என்று நினைக்காதீர்கள். அது வேறு, இது வேறு.

போன மாதம் ஒரு பெண் வந்தாள். நயினாதீவு விகாரைக்கு வந்த யாத்திரை பஸ்ஸை விட்டு, எங்கள் சந்தியில் இறங்கி, சிங்களம் தெரிந்தவர் யார் என்று விசாரித்திருக்கிறாள். கடைக்காரர் என்னிடம் அனுப்பினார். நிமலின் அக்கா. தலை நரைத்துவிட்டது. கதிரையில் இருக்கவும் மாட்டேன் என்றாள். ஒரே ஒரு கேள்வி.

"கடைசியாகத் தம்பி என்ன சொன்னான்?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. சொன்னேன்.

"பாடு."

அவள் முகம் செத்துப்போனது. "நட்டம் என்றா சொன்னான்? எங்களை நினைத்தா?" இல்லை, இல்லை என்று கையைப் பிடித்தேன். தமிழில் அது பாட்டு, அவன் சொல்ல நினைத்தது படு, எல்லாரையும் படுக்கச் சொன்னான், சனம் படுத்தது, பிழைத்தது என்று சிங்களத்தில் கொட்டினேன். யோகனின் பகிடியையும் சொன்னேன். சிரித்தாள். சிரித்தபடியே அழுதாள். நானும் அழுதேன். யோகனுக்காகச் சத்தமாக அழுதது அன்றைக்குத்தான்.

மதகடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் குனிந்து வீதித் தாரைத் தொட்டாள். தம்பி சொல்ல நினைத்த சொல்லைத் தானும் சொல்லிப் பார்த்தாள். "பாடு." திரும்பவும் "பாடு." அவளுக்கும் நாக்கு அங்கேதான் போனது.

நான் திருத்தவில்லை.

அன்றைக்கு அந்த வீதியில் போனது இவ்வளவு. மண்டைதீவுக் கிழவர் ஒருவர், பெயர் கடைசிவரை தெரியவரவில்லை. சரவணையில் என் யோகன். தெற்கே ஒருத்தியின் தம்பி நிமல். மூன்று உயிர். எழும்பி நடந்தவர்களை நான் எண்ணவில்லை. வீதி நிறைய நடந்தார்கள்.